செக்கில் ஒரு பந்தயம்

ரேக்ளா பந்தயத்தில் விழுந்து காலை நொண்டியாக்கிக்கொண்ட நடுவயசுச் செவலைக்காளையைக் கொண்டுவந்து செக்கில் பூட்டினார்கள். பன்னிரண்டு வருஷமாக அதே செக்கைச் சுற்றிவரும் மயிலைக்காளை, முறை மாற்றிக்கொள்ள வந்த புது ஆளை ஏற இறங்கப் பார்த்தது.

"எல்லைக்கோடு எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டது செவலை.

மயிலைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கோடாவது ஒண்ணாவது! கண்ணைக் கட்டுவாங்க. எண்ணெய் வர்ற வரைக்கும் சுத்து, போ."

செவலை நொண்டி நொண்டி மதியம்வரை சுற்றியது. அவிழ்த்துவிட்டதும் திமிலைச் சிலிர்த்துக்கொண்டு, "பாத்தீங்களாண்ணே, ஒருத்தன்கூட என்னை முந்தல!" என்றது.

"தூ! நீயும் உன் பந்தயமும்!" வாயிலிருந்த வைக்கோலைத் துப்பிவிட்டு மயிலை செக்குக்குப் போனது.

நாலு சுற்று வந்திருக்கும். கட்டிய கண்ணோடு, அது ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டது.