மன்னிப்புக் கேட்கப் போனவள்

"தெய்வம் மாதிரி இருக்கற டாக்டர் மேல கேஸ் போடுவியா? நெஞ்சுல ஈரமே கிடையாதா உனக்கு?"

கணவன் போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்து அழுதது. அழுதால் அதற்கு உதடு நீலம் பாரிக்கும். பிறவியிலேயே இதயத்தில் கோளாறு. அவன் மனைவியான தையற்காரி ஓடிப்போய்த் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இது வயித்துல இருந்தப்போ எனக்கு மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தது யாரு? அந்தத் தெய்வம்தானே? நான் மாசமா இருக்கேன், இதைத் தொடரலாமான்னு வாயைத் திறந்து கேட்டேனே! 'ஒண்ணும் ஆகாதும்மா, தைரியமா சாப்பிடு'ன்னாரே!"

"இது குழந்தையைப் பாதிக்கும்னு அப்போ யாருக்கும் தெரியாதுன்னு அவர்தான் சொன்னாரே. பெரிய டாக்டரைப் பிடிச்சு ஆபரேஷனுக்கு ஏற்பாடு பண்ணது யாரு? முடியற வரைக்கும் நம்ம கூடவே உட்கார்ந்து அழுதது யாரு? ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம். அந்த வக்கீலம்மா ஆட்டி வைக்கிறாங்க, நீ ஆடறே!"

வக்கீலம்மாவை அவளுக்கும் பிடிக்காதுதான். அந்த மாத்திரையால் பாதிக்கப்பட்ட குடும்பங்களைத் தேடித் தேடிப் போய்ப் பேசுகிறவர். ஆறுதலாக ஒரு வார்த்தை வராது. "மாத்திரைக் கம்பெனிக்காரன் அப்பவே டாக்டர்களை எச்சரிச்சோம்கிறான். உங்க டாக்டர் தெரியவே தெரியாதுங்கிறார். அவருக்குத் தெரியும்னு சொல்ல ஒரு சாட்சி வேணும். அழுதா கேஸ் நிக்காது" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

சாட்சிக்கு எங்கே போவது? 'பைத்திய மாத்திரை முழுங்கினா பிள்ளை வேற எப்படிப் பொறக்கும்?' என்று கேட்கத்தான் சொந்தபந்தம் வரிசை கட்டி நின்றது.

"நாளைக்கே போய் மன்னிப்புக் கேளு. கேஸ் வேண்டாம்னு சொல்லிட்டு வா. இல்லேன்னா எனக்கும் உனக்கும் பேச்சே கிடையாது."

போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு, குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனாள்.

டாக்டரின் மகள்தான் கதவைத் திறந்தாள். "அப்பா இப்போ வந்துடுவார். உட்காருங்க."

கூடத்தில் ஒரு சிறுமி சோபாவுக்கும் தரைக்குமாகக் குதித்துக்கொண்டிருந்தாள். டாக்டரின் பேத்தி. மூச்சு வாங்கவில்லை. உதடு நீலமாகவில்லை. தையற்காரிக்கு வயிறு எரிந்தது.

"பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" டாக்டரின் மகள் கேட்டாள்.

"இதயத்துல கோளாறு. மாசமா இருந்தப்போ நான் சாப்பிட்ட மனச்சோர்வு மாத்திரையால. போதுமா?" வெடுக்கென்று சொன்னாள்.

டாக்டரின் மகள் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இதுல வெட்கப்பட என்னங்க இருக்கு? உடம்புக்கு வர்ற மாதிரி மனசுக்கும் வருது. நானும் காலேஜ் நாள்லேருந்து சாப்பிடறவதான். எந்த மாத்திரை?"

பெயரைச் சொன்னாள்.

"அட, அதையேதான் நானும் சாப்பிட்டேன்."

"மாசமா இருந்தப்பவுமா?"

"ஐயையோ, அப்பா விடுவாரா? நாள் தள்ளிப்போச்சுன்னு சொன்னதுமே மாத்திட்டார். இது வயித்துல இருக்கற குழந்தைக்கு ஆகாது, வேற தர்றேன்னு..."

பேச்சு பாதியில் நின்றது. தையற்காரியின் மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். "பாப்பாவுக்கு என்ன வயசு?"

"நாலு. உங்க பொண்ணுக்கு?"

"ஆறு."

ஆக, இவள் மாசமாவதற்கு ரெண்டு வருஷம் முன்னாலேயே அவருக்குத் தெரியும். பெற்ற மகளுக்கு ஆகாத மாத்திரை ஊரான் மகளுக்கு ஆகியிருக்கிறது.

தையற்காரி எழுந்தாள். "எனக்கு அதைக் கொடுத்தது உங்கப்பாதான்; வக்கீல் வெச்சுப் போட இருந்த கேஸையே விட்டுட்டு மன்னிப்புக் கேட்க வந்தேன்! பேத்தியைக் கொஞ்சற அதே கையாலதானே என் பிள்ளையையும் தூக்கி வெச்சுக்கிட்டு அழுதாரு! அத்தனையும் நடிப்பா? சொல்லுங்க!"

வாசலில் கார் வந்து நின்றது.

டாக்டரின் மகள் விறுவிறுவென்று கதவை நோக்கிப் போனாள். தன்னை வெளியே தள்ளத்தான் போகிறாள் என்று நினைத்தாள் தையற்காரி.

மகளோ கதவை உள்ளே தாழிட்டாள். திரும்பி, போனைக் கையில் எடுத்தாள்.

"உங்க வக்கீல் நம்பரைச் சொல்லுங்க. சீக்கிரம். அப்பா முகத்தைப் பார்த்துட்டா எனக்குத் தைரியம் வராது."