படம் இருந்த இடம்

கங்கப்பன் ஸ்டூல் மேல் ஏறிச் சுவரில் இருந்த படத்தைக் கழற்றினார். துண்டால் துடைத்து, பீரோவுக்குப் பின்னால் திருப்பி வைத்தார்.

“இப்ப என்னாத்துக்கு அதக் கழட்டற நைனா? வீடு பாக்கறது ஜெர்மனில. நம்ம மூக்கண்டப்பள்ளில இல்ல” என்றாள் மகள் காவேரி.

“ஓனரு தமிழ்க்காரருன்னு நீதான சொன்ன? அப்ப கழட்டித்தான் ஆவணும்.”

ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் இது அவர்களுக்கு நான்காவது வீடு. கோட்டும் கண்ணாடியுமாகத் தலைவர் நிற்கும் அந்தப் படத்தைப் பார்த்த மறுநாளே முந்தைய ஓனர், “ஊர்லேர்ந்து தங்கச்சி வருது, காலி பண்ணிக்குங்க” என்றார். அந்தத் தங்கச்சி இன்றுவரை வரவில்லை. அதிலிருந்து இந்த வீட்டிலும் ஓனர் வாடகை வாங்க வரும் நாளில் படம் கீழே இறங்கிவிடும்.

ஓசூரில் அவள் டிசைன் இன்ஜினியராக இருக்கும் கம்பெனி, மூன்று வருடத்துக்கு ஜெர்மனி அனுப்புகிறது. ஆனால் தங்குவதற்கு வீடு அவளே பார்த்துக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமைக்குள் வீட்டு ஒப்பந்தம் கையில் இல்லாவிட்டால், கூட வேலை செய்யும் சுரேந்தர் போவான். நாற்பத்தோரு வீட்டுக்கு எழுதினாள். பதில் போட்டவர் ஒரே ஒருவர், ரத்தினவேல். “நானும் நம்ம பக்கந்தாம்மா, சேலம் டவுனு” என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

லேப்டாப்பில் வீடியோ கால் அடித்தது. கம்பளிக் குல்லாவுக்குள் ஐம்பது வயது முகம் ஒன்று சிரித்தது.

“வீடு மாடியில. ரெண்டு ரூமு. கீழ நாங்க இருக்கோம். ஸ்டேஷன் அஞ்சு நிமிஷ நடை. போட்டோல்லாம் பாத்தியாம்மா, புடிச்சிருக்கா?”

“ரொம்பப் புடிச்சிருக்கு சார்.”

“என்னா வேணா சமைச்சிக்க. கருவாடு மட்டும் ஜன்னல மூடிட்டு வறு. இல்லன்னா பக்கத்து வீட்டு ஜெர்மன்காரி போலீசக் கூப்புட்டுருவா.”

காவேரி வாய்விட்டுச் சிரித்தாள். கேமராவுக்குத் தெரியாத மூலையில் நின்ற கங்கப்பனும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“அப்ப ஒப்பந்தத்த இன்னிக்கே மெயில்ல அனுப்பிடறன். நீ கையெழுத்துப் போட்டு...”

அவர் முடிப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “என்னங்க, எந்த ஊரு, யாரு எவருன்னு கேட்டீங்களா? நம்ம ஆளுங்களாப் பாத்துக் குடுங்க. அப்பறம் யாரு அவஸ்தைப்படறது?”

சிரிப்பு நின்றது. மூலையிலிருந்து கங்கப்பன் கையை ஆட்டி ஆட்டி உதட்டை அசைத்தார். டவுனுன்னு சொல்லு, டவுனுன்னு சொல்லு.

“கிருஷ்ணகிரி டவுன் சார்” என்றாள் காவேரி.

ரத்தினவேல் தலையாட்டினார். ஆனால் அவர் பார்வை அவள் முகத்தில் இல்லை. அவளுக்குப் பின்னால் அழுக்கேறிய சுவரில் ஒரு செவ்வகம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அதன் மேல் விளிம்பில் ஓர் ஆணி.

“அந்தப் படத்த இப்பத்தான் கழட்டுனீங்களாம்மா?” குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

காவேரிக்குக் காது சுட்டது. குடும்பத்திலேயே முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள். அத்தனை படித்து, ஏழு கடல் தாண்டப் போகும்போதும் ஒருத்தன் ஆணியைத்தான் பார்க்கிறான்.

எழுந்தாள். பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுப் படத்தை எடுத்தாள்.

“வேணாங் கண்ணு, வேணாம்...” கங்கப்பன் ஓடிவந்து கையைப் பிடித்தார். உதறிவிட்டு ஸ்டூலில் ஏறி, படத்தை அதே ஆணியில் மாட்டினாள்.

“நல்லாப் பாத்துக்குங்க சார். நான் டவுன் இல்ல. சிங்காரப்பேட்டைப் பக்கம், காலனி. இதோ நிக்கிறாரே, இவரு எங்க நைனா. மூட்டை தூக்கித்தான் என்னப் படிக்க வெச்சாரு. இப்பச் சொல்லுங்க, வீடு உண்டா இல்லியா?”

ரத்தினவேல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போனார். கதவைச் சாத்தித் தாழ் போடும் சத்தம் கேட்டது.

கங்கப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “ஒரு பத்து நிமிஷம் வாய மூடிட்டு இருக்க முடியாதா உன்னால? வருசக்கணக்கா நான் இருக்கலியா?”

ரத்தினவேல் திரும்பி வந்தபோது தலையில் குல்லா இல்லை. அதைக் கையில் கசக்கிப் பிடித்திருந்தார்.

“வீடு தர முடியாதும்மா.”

“தெரியும் சார். எந்த நாட்டுக்குப் போனாலும் நீங்கள்ளாம் திருந்த மாட்டீங்க.”

“அப்படியில்லம்மா. நீ மாடியில இருந்தா, என்னிக்காச்சும் ஒரு நாள் என் வாய்லேர்ந்து வந்துரும்.”

“என்னா வந்துரும்?”

அவர் சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். திரைக்கு மிக அருகில் குனிந்தார்.

“நானும் அந்தப் படம் மாட்டுன வீட்லதாம்மா பொறந்தன். இவளுக்கு இன்னும் தெரியாது.”