முப்பத்தாறு சர்வர், ஒரு என்டர்

"இந்த ஃபைலை எழுதினது யாரு?"

மேனேஜர் போட்ட சத்தத்தில் ஆபரேட்டர் அறையே திரும்பிப் பார்த்தது. சிரித்து யாரும் பார்த்திராத மனுஷன் வேறு.

"நான்தான் சார்." எழுந்து நின்றாள் அவள். குரலில் பயம் மருந்துக்கும் இல்லை.

தினமும் காலை எட்டு மணிக்கு, எங்கெங்கோ இருக்கும் சர்வர்களுக்குள் இங்கிருந்தே நுழைந்து, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆளுக்கு முப்பத்தாறு சர்வர். ஒவ்வொன்றுக்கும் பதினாறு எழுத்துப் பாஸ்வேர்டைக் கையால்தான் தட்ட வேண்டும்.

அவள் எழுதிய ஃபைலோ, ஒரு என்டர் தட்டினால் முப்பத்தாறிலும் தானாகவே நுழைந்துவிடும். பாஸ்வேர்ட் அதற்குள்ளேயே இருந்தது. அங்கேதான் வினை. பாஸ்வேர்டை ஃபைலில் எழுதி வைத்தால் வேலை போய்விடும் என்று சுவரிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

"உடம்பு வளையலையா? உக்காந்த இடத்துலயே சம்பளம் வரணுமா?"

"ஒரே பாஸ்வேர்டை முப்பத்தாறு தடவை தட்டுறதுக்குப் பேரு வேலையா சார்?"

"வாய் நல்லா நீளுது. அழி அதை. இப்பவே!"

"மாட்டேன்."

பக்கத்து சீட்டு அண்ணன் பதறிப்போய் எழுந்தார். "சார், அது வந்து..."

"நீங்க உக்காருங்கண்ணே. இது எனக்கும் சாருக்கும் உள்ள பேச்சு."

மேனேஜர் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, தானே ஃபைலைத் திறந்தார். படித்தார். மறுபடியும் படித்தார். எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார்.

இவளுக்குச் சீட்டுக் கிழிந்தது என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள்.

மறுநாள் வந்து பார்த்தால் ஃபைலைக் காணோம். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. ராத்திரியே எழுதி வைத்த ராஜினாமாவை எடுத்துக்கொண்டு, கதவைக்கூடத் தட்டாமல் மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள்.

"யாரைக் கேட்டு அழிச்சீங்க? என்னை அனுப்பணுமா, அனுப்புங்க. போறேன். ஆனா அந்த ஃபைல் இருக்கணும்!"

"கத்தாதேம்மா. பாஸ்வேர்டை யாராவது இப்படி அப்பட்டமா எழுதி வைப்பாங்களா? வேற ஃபைல் எழுதிப் போட்டிருக்கேன், இனிமே பாஸ்வேர்டே கேக்காது. முப்பத்தாறு சர்வருக்கும் நானே கையெழுத்துப் போட்டு அனுமதி வாங்கியாச்சு."

"எனக்கு ஒண்ணும் உங்க சலுகை வேணாம்!"

"உனக்கு யாரு குடுத்தா? அந்த ஃபைல்ல இருந்த லாகின் பேரு உன்னோடது இல்லையே. அவரு இடது கையாலயே தட்டுறதை நேத்து நானே பார்த்தேன்."

மேனேஜர் ராஜினாமாவை வாங்கிக் கிழித்துப் போட்டார்.

"பக்கவாதம் வந்த வலது கையை இனிமே எனக்குப் பயந்து மறைக்க வேணாம்னு உன் பக்கத்து சீட்டு அண்ணன்கிட்ட சொல்லு. இடது கையால ஒரு என்டர் தட்டினா போதும்."