அறுநூறு முறை

நிபுணர் லேசர் விளக்கின் சிவப்புப் புள்ளியைத் திரையிலிருந்த உயரமான பட்டையின் மேல் ஏற்றி இறக்கினார்.

"அறுநூறு தடவை. இந்த ஒரே புரோகிராம் அறுநூறு தடவை காத்துக்கிட்டு நின்னிருக்கு. அதுக்குப் பின்னால மத்ததெல்லாம் வரிசையா நின்னுடுச்சு."

மேசையைச் சுற்றித் தலைகள் ஆடின. பஸ் குழியில் இறங்கும்போது உள்ளே இருப்பவர்களின் தலைகள் ஆடுமே, அப்படி, ஒன்றாக.

அவள் பேனா மூடியைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

இந்த நிறுவனத்தின் டேட்டாபேஸைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை. முந்தாநாள் மதியம் பஸ் முன்பதிவு கவுண்டர்கள் எல்லாம் பத்து நிமிடம் உறைந்துபோயின. பயணிகள் கத்தினார்கள். முதலாளி அவர்களைவிடச் சத்தமாகக் கத்தினார். காரணம் கண்டுபிடிக்க வெளியிலிருந்து கோட்டும் பெட்டியுமாக இவரை வரவழைத்துவிட்டார்கள்.

நொடிக்கொரு முறை டேட்டாபேஸை எட்டிப் பார்த்து, அந்த நேரத்தில் யார் யார் காத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. நிபுணரின் பட்டைகள் அந்தக் குறிப்புகளிலிருந்து வந்தவை. எட்டிப் பார்க்க மட்டும்தான் அதற்குத் தெரியும். யோசிப்பது பார்க்கிறவர் பொறுப்பு.

ஒருவன் பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிடம் நிற்கிறான். நொடிக்கு நொடி ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, அறுநூறு பேர் நின்றார்கள் என்று ஒருவர் சொன்னால், வீட்டில் அவருக்கு ஒரு வாய் சோறு போட்டுப் படுக்க வைப்பார்கள். இங்கே ஃபீஸ் கொடுக்கிறார்கள்.

நிபுணர் அடுத்த படத்துக்குப் போனார். சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடமாம்.

கண் இமைப்பதற்குள் வந்து போன ஆயிரக்கணக்கான குட்டிக் காத்திருப்புகள், ஜன்னல் திறப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டன. அவற்றை யார் சேர்ப்பது? நெடுநேரம் நின்றவனையே திரும்பத் திரும்ப எண்ணிவிட்டு அதற்குச் சராசரி என்று பெயர். மேலாளர் புருவத்தை உயர்த்தித் தலையாட்டினார், தனக்கும் புரிந்துவிட்டது என்று காட்ட.

நின்றவனைப் பிடித்துவிட்டார்கள். அவன் எதற்காக நின்றான் என்று கேட்க இந்த அறையில் ஒரு நாக்கு இல்லை. காத்திருப்பவன் மட்டும்தான் அந்தப் படத்தில் விழுவான். வழியைப் பூட்டிவிட்டுச் சும்மா இருப்பவன் விழமாட்டான். அவன்தான் எதற்கும் காத்திருக்கவில்லையே.

"இந்தப் புரோகிராமை எழுதினது யாரு?" என்றார் மேலாளர், தெரியாதவர் போல.

மேசைக் கோடியில் இருந்த தாடிக்காரன் பாதிக் கையைத் தூக்கினான். ஒப்பந்த ஆள். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. கைக்குழந்தை இருக்கிற வீடு. நீட்டிப்பதா வேண்டாமா என்பது இன்றைக்கு இந்த மேசையில்தான் முடிவாகும்.

"நான் செக் பண்றேன் சார்."

அவளுக்கு அவன் மீதும் இளக்காரம்தான் வந்தது. செய்யாத தப்புக்கு இவ்வளவு சீக்கிரம் குனிகிற கழுத்தை எந்த ஊரில் வாங்கினான்?

"செக் பண்ணதெல்லாம் போதும் தம்பி. கஸ்டமர் செருப்பைக் கழட்டாததுதான் பாக்கி," என்றார் மேலாளர்.

மேசை சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் தாடி அவள் பக்கம் திரும்பினான்.

"அக்கா, நீங்கதானே டேட்டா எடுத்துக் குடுத்தீங்க. நீங்க சொல்லுங்கக்கா."

எல்லா முகங்களும் அவளைப் பார்த்தன. நிபுணர்கூட லேசரை அணைத்தார்.

நுனி நாக்கில் தயாராக இருந்தது. அறுநூறும் ஒன்றேதான். அது நின்றது ஒரே ஒரு முறை. இந்த ஒரு வரி போதும், கோட்டின் மடிப்பு கலைந்துவிடும்.

ஆனால் அந்த வரியைச் சொன்ன கையோடு அடுத்த கேள்வி தானாக எழுந்து நிற்கும். சரி, அந்த ஒரு முறை யாருக்காக நின்றது? இந்தக் கூட்டம்கூட அதைக் கேட்டுவிடும்.

"டேட்டா அதைத்தான் காட்டுது," என்றாள்.

தாடி மெல்லத் தலையாட்டினான். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற தலையாட்டல்.

"அப்ப இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம்," என்றார் மேலாளர். நாற்காலிகள் பின்னுக்கு நகர்ந்தன.

முந்தாநாள் மதியம் அவள் ஒரு கட்டணத்தைக் கையால் திருத்திக்கொண்டிருந்தபோது நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. மாமியாரை அடுத்த மாதம் யார் வைத்துக்கொள்வது என்கிற பழைய வழக்கு. திருத்தம் முடிந்தது என்று டேட்டாபேஸுக்குச் சொல்லும் கடைசிக் கட்டளையைக் கொடுக்காமலே எழுந்து மாடிப்படிப் பக்கம் போனாள். அது வராதவரை அந்தக் கட்டணத்தை வேறு எந்தப் புரோகிராமும் தொட முடியாது. வாசலில் நிற்க வேண்டியதுதான்.

பத்து நிமிடம் பேசினாள். வழக்கில் ஜெயித்துவிட்டுத்தான் இருக்கைக்குத் திரும்பி அந்தக் கட்டளையைக் கொடுத்தாள்.

நிபுணருக்கு அனுப்ப வேண்டிய அட்டவணையில், யாருக்காகக் காத்திருந்தது என்று இன்னொரு நெடுவரிசையும் இருந்தது. நேற்று அதை நீக்கிவிட்டுத்தான் அனுப்பினாள். அது எங்கே என்று அவர் கேட்பார் என்று மாலைவரை போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்கவேயில்லை. அவர் மேல் அவளுக்கு இத்தனை ஏளனம் வந்தது அதற்குப் பிறகுதான்.

நீக்குவதற்கு முன் ஒரு முறை அதைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை ஒரே எண், டேட்டாபேஸில் அவளுக்குரிய எண்.

அறுநூறு முறை தப்பு செய்துவிட்டோம் என்றுதான் அவளும் நடுங்கினாள்.