பன்னிரண்டாவது கொக்கி

விபத்து விசாரணையில் காட்டுவதற்காக, அந்த இழுவைப்படகின் மாதிரியை ஒரு முழ நீளத்தில் செய்துகொண்டிருந்தார் தொம்மை. துறைச்சுவரில் மோதாமலிருக்கப் படகின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றுத் திண்டுகள்தான் கடைசி வேலை. நூலை முறுக்கித் தீக்குச்சியில் சுற்றி, தேநீரில் ஊறவைத்து, பழசாகத் தெரிய ஊசியால் பிசிர் கிளப்பினார். பதினொன்றை மாட்டினார். பன்னிரண்டாம் இடத்தில் வெறும் கொக்கி. விபத்தன்றும் அது வெறுமையாகத்தான் இருந்தது. அந்த இடத்தில்தான் ஜெபமணியின் கணவன் படகுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிப்போனான்.

பார்க்க வந்த ஜெபமணி அந்த வெறும் கொக்கியைத் தொட்டாள்.

"இதுலயும் ஒண்ணு மாட்டுங்கண்ணே."

"உள்ளது உள்ளபடி இருக்கணும் தாயி. மாட்டுனா கேஸு படகுக் கம்பெனிக்காரங்க பக்கம் போயிரும்."

"தெரியும்ணே. பாத்துட்டுக் கழட்டிருவோம். அவுக தடிச்ச ஆளு. கொஞ்சம் பெருசாவே செய்யுங்க."

பெரிதாகவே செய்து மாட்டினார். அவள் படகை, துறைச்சுவராக அவர் நிறுத்தியிருந்த அட்டையோடு மெல்லத் தள்ளினாள். திண்டு சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் கிடைத்த இடைவெளியில் சுண்டுவிரலை நுழைத்தாள். விரல் நசுங்கவில்லை.

"கழட்டட்டுமா தாயி?" என்றார் தொம்மை.

அவள் விரலை எடுக்கவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.