நிரப்பப்படாத கட்டம்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். திருச்சியில் காலையிலிருந்து விட்டு விட்டுத் தூறல்.

திரையிலிருந்த வரியை அவள் ஐந்தாம் முறையாகப் படித்தாள். முடிவுக்கு வரும்போது தொடக்கம் நினைவில் இல்லை.

நான்கு மணிக்குள் அவளுடைய மேல்முறையீட்டுக்குத் தீர்ப்பு வந்துவிடும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

எங்கோ அமெரிக்காவில் மருத்துவர்கள் எழுதும் குறிப்புகளை இங்கே படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டு எண்ணை இடுவது அவள் வேலை. பதினோர் ஆண்டுகளாக.

சர்ச்சைக்கு உள்ளான குறிப்பு ஒரு பெண்ணைப் பற்றியது. வயது நாற்பத்து மூன்று.

அந்தப் பெண் கார்ச் சாவியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிறாள். கடைக்குப் போகிறாள், பட்டியல் வீட்டில் இருக்கிறது. பேசுபவரின் முகத்தையே பார்த்திருக்கிறாள். மூன்றாவது வாக்கியத்துக்குப் பிறகு எதுவும் காதில் விழுவதில்லை. ஓட்டமோ பரபரப்போ கிடையாது. சிறு வயதிலிருந்தே சோம்பேறி என்று பெயர்.

இத்தனையையும் எழுதிய மருத்துவர், இறுதியில் 'கவனக் குறைபாடு' என்று மட்டும் எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். எந்த வகை என்று எழுதவில்லை.

வகை எழுதப்படாவிட்டால் அந்தக் குறைபாடு வேறோர் எண்ணுக்குப் போய்விடும். நகம் கடித்தல், விரல் சூப்புதல், மூக்கு நோண்டுதல் ஆகியவை குடியிருக்கும் எண் அது.

அவளுக்கு மனம் வரவில்லை. கவனமின்மை மேலோங்கிய வகைக்கு உரிய எண்ணை இட்டாள்.

தணிக்கையில் அது பிழை.

"டாக்டர் எழுதாதத நாம எழுதக் கூடாதுன்னு கிளாஸ் எடுத்ததே நீங்கதானேக்கா," என்றார் தணிக்கையாளர் முபாரக். "இப்ப நீங்களே டாக்டராயிட்டீங்க. ஸ்டெதாஸ்கோப் ஒண்ணுதான் பாக்கி."

உண்மைதான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாள் அவள் சொல்வது அது. எழுதாததை எழுதாதீர்கள். உண்டு என்றும் எழுதாதீர்கள். இல்லை என்றும் எழுதாதீர்கள்.

இரண்டாம் பாதியை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

மூன்று மாதங்களாக அவளுடைய துல்லியம் தொண்ணூற்றைந்து விழுக்காட்டைத் தொடவில்லை. நான்காவது மாதமும் தொடாவிட்டால் வேலை இல்லை. அக்டோபர்தான் அந்த நான்காவது மாதம். அந்த ஒரு பிழையை நீக்கினால் தொட்டுவிடும்.

மற்றவை எதுவும் அறியாமையால் வந்த பிழைகள் அல்ல. சரியான எண், அடுத்த நோயாளியின் வரியில். படிக்காமலே கடந்துவிட்ட ஏழாம் பக்கம்.

மாலையில் வாசல் காவலர் அவளைக் கண்டதும் மேசை இழுப்பறையைத் திறந்து ஸ்கூட்டர் சாவியை நீட்டுவார். காலையில் அவள் வண்டியிலேயே விட்டுவந்தது. இப்போதெல்லாம் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

மேல்முறையீட்டுப் படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. பணியாளரின் பிழைகளுக்கு மருத்துவக் காரணம் ஏதேனும் உண்டா?

அந்தக் கட்டத்தின் முன் அவள் நெடுநேரம் அமர்ந்திருந்தாள்.

அவளை எந்த மருத்துவரும் பார்த்ததில்லை. எந்த ஏட்டிலும் அவளைப் பற்றி ஒரு வரி கிடையாது.

உண்டு என்று எழுத ஆதாரம் இல்லை. இல்லை என்று எழுதக் கை வரவில்லை.

வெறுமையாக விட்டாள்.

முன்பின் அறியாத ஒருத்திக்காகத் துணிந்து எழுதிய அதே கை.

மூன்று ஐம்பத்தைந்துக்கு ஜெசிந்தா வந்தாள். குழுத் தலைவி, இவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். ஒரு கையில் யாரோ கொண்டுவந்த தீபாவளி அதிரசம். மற்றொரு கையில் உறை.

"சாப்டியாப்பா?"

"ம்."

மேசைக்கு அடியில் சாப்பாட்டுப் பை காலையில் வைத்தபடியே முடிச்சு அவிழாமல் இருந்தது. ஜெசிந்தா அதைப் பார்த்தாள். அதிரசத்தை விசைப்பலகையின் ஓரத்தில் வைத்தாள்.

"நானும் பேசிப் பாத்தேன். கேக்கல. மேல சைன் ஆயிருச்சு."

உறையை நீட்டினாள்.

மேல்முறையீடு ஏற்கப்படவில்லை. மருத்துவர் குறிப்பிடாத வகையைப் பணியாளர் ஊகித்துள்ளார். நவம்பர் முப்பது கடைசி வேலை நாள். கையொப்பம், முத்திரை, தேதி.

அதில் அவளுக்கு மறுப்பு இல்லை. முபாரக் சொன்னது சரி; அவள் ஊகித்தாள். தானே தணிக்கை செய்திருந்தாலும் அதைப் பிழை என்றே எழுதியிருப்பாள்.

அதற்குக் கீழே படிவத்தின் விவரங்களைத் தட்டச்சு செய்திருந்தார்கள். பெயர். பணி எண். சேர்ந்த நாள்.

மருத்துவக் காரணம்: இல்லை.

இந்த வரியை ஒரே முறைதான் படித்தாள்.

"இத யாரு எழுதுனது?"

"எத?" ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். "ஓ, இதுவா. ஹெச்.ஆர்.ல போட்டிருப்பாங்க. நீ அந்தக் கட்டத்துல ஒண்ணும் எழுதலல்ல? எழுதலன்னா இல்லன்னுதானப்பா அர்த்தம்."

வெளியே தூறல் வலுத்தது.

அவள் மேசைமேல் பேனாவைத் தேடினாள். திரைக்குப் பின்னால் பார்த்தாள். இழுப்பறையைத் திறந்தாள். மூடினாள். அதே இழுப்பறையை மறுபடியும் திறந்தாள்.

ஜெசிந்தா அவளையே பார்த்தாள்.

பிறகு, அவளுடைய கொண்டையில் செருகியிருந்த பேனாவை மெல்ல உருவி, மூடியைக் கழற்றி, அவள் கையில் கொடுத்தாள்.