கிழக்குக் கரையில் ஒரு மலை

பார்வையில்லாத ஜெசிந்தா, நாளை மூன்றாம் முறையாகக் குரூப் டூ எழுதப்போகிறாள். நூலகச் சுவரில் மேடுபள்ளமாக வார்த்து மாட்டியிருந்த இந்தியாவை விரல்களால் படித்துக்கொண்டிருந்தாள். இமயம் முள்ளாகக் குத்தியது. விந்தியத்தைத் தாண்டி, மேற்குத் தொடர்ச்சி மலையைப் பிடித்துக்கொண்டே குமரிவரை இறங்கியவள், கிழக்குக் கரையில் தன் ஊரைத் தேடினாள். பனையைவிட உயரமாக எதுவுமே இல்லாத ஊர் அது. அந்த இடத்தில் உருண்டையாக ஒரு மலை நின்றது.

“அண்ணே, இது என்ன மலை?”

நூலக உதவியாளர் கிட்டே வந்து பார்த்தார்.

“மலையில்லம்மா, குளவிக்கூடு. தட்டி விட்டுடறேன், கொஞ்சம் தள்ளிக்க.”

அவள் தள்ளிக்கொள்ளவில்லை. குனிந்து கூட்டில் காதை வைத்தாள். வயல் மண் வாசனை அடித்தது; உள்ளே எதுவோ லேசாகச் சுரண்டும் சத்தம் கேட்டது.

“இருங்கண்ணே,” என்றாள் மெதுவாக. “உள்ள ஆள் இருக்கு.”